சென்ஜிரோ விட்ட இடைவெளி

சென்ஜிரோ மேஸ்திரியின் சாவு வீட்டில், ஊதுவத்திப் புகைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, நாக்கில் நரம்பில்லாமல் ஒருத்தர் சொன்னார்: "மனுஷன் நல்ல வேலைக்காரர்தான். ஆனா அந்த வெள்ளத்துக்கு அப்புறம் கை போயிடுச்சு. அவர் பெட்டியெல்லாம் லொடலொடன்னு ஆயிடுச்சு."

பக்கத்தில் இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் இருந்த தேநீரை அவர் தலையில் கொட்டியிருப்பேன். துக்க வீட்டில் சண்டை எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். வாயை மூடுவது எனக்கு வராத வேலை. எங்கள் கமோ ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

கை போகவில்லை. நாற்பத்தைந்து வருஷம் அந்தக் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். செத்துப்போன மனுஷனுக்காக இனி யார் பேசப் போகிறார்கள்? நான்தான் பேச வேண்டும்.

என் பெயர் தோமெ. நிறுத்து என்று அர்த்தம். நாலு பெண்ணுக்குப் பிறகு நானும் பெண்ணாய்ப் பிறந்ததில் அப்பாவுக்கு வந்த சலிப்பு, அதுவே பெயராகிவிட்டது. சென்ஜிரோ பட்டறையில் பெட்டிக்குச் சாயம் பூசுவது என் வேலை. நாங்கள் பெட்டி செய்கிற கிரி மரம் வெளுப்பு, கையில் எடுத்தால் கனமே இருக்காது. மண்பொடியை மரக்காய்ச் சாற்றில் குழைத்துப் பூசி, காயவிட்டு, மெழுகு தேய்த்தால்தான் கலியாணப் பெட்டிக்கு உண்டான நிறம் வரும். என் நகக்கண்ணைப் பாருங்கள், இன்றைக்கும் கறுப்புதான்.

மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். பேசினால் மரத்தைப் பற்றிப் பேசுவார். அவருக்கு இருந்த ஒரே கர்வம் இழுப்பறை. ஐந்து இழுப்பறை உள்ள பெட்டியில் ஒன்றை உள்ளே தள்ளினால், உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழி இருக்காது. அது இன்னொரு இழுப்பறையைப் பிதுக்கி வெளியே தள்ளும். அவ்வளவு இறுக்கம். கமோவில் நல்ல தச்சர் எல்லோரும் இதைச் செய்வார்கள். ஆனால் மேஸ்திரியின் பெட்டியில் ஒன்றைத் தள்ளினால் மற்ற நாலும் வரிசையாகத் தலையை நீட்டும். வாங்க வருகிறவர்களுக்கு அதைச் செய்து காட்டும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அதைப் பார்க்கவே நான் சாயக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவேன்.

அந்தப் பெட்டியை முழுசாக மூட ஒரு பக்குவம் வேண்டும். கடைசி இழுப்பறையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடுகிற வேகத்தில், மெல்ல, மெல்லத் தள்ள வேண்டும். காற்று கசிந்து போக அவகாசம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் போச்சு. வேறொன்று வெளியே வந்து நிற்கும்.

அவருக்கு ஒரே பெண், சாயோ. அவள் நடை பழகின நாளிலிருந்து பட்டறைதான் அவளுக்கு விளையாட்டு இடம். ஒரு இழுப்பறையைத் தள்ளுவாள், இன்னொன்று வெளியே வரும். "அப்பா, உள்ள யாரோ இருக்காங்க, என்னைத் தள்றாங்க" என்று கத்துவாள். மேஸ்திரி இழைப்புளியை நிறுத்தாமல், "உனக்கு என்ன அவசரம்னு கேக்குறாங்க. மெதுவா மூடு" என்பார்.

அவள் பிறந்தபோது வீட்டுக்குப் பின்னால் இரண்டு கிரிக் கன்று நட்டார்கள். பெண் வளர்கிற வேகத்தில் வளர்கிற மரம் அது. இருபத்திரண்டு வயதில் அவளுக்கு வரன் அமைந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம், அணையோரத்து ஊரில் நெல் விவசாயி, தமோத்சு என்று ஒரு பையன். வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டான். எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு மரத்தையும் அதற்கு மூன்று வருஷம் முன்பே வெட்டி, மழையிலும் வெயிலிலும் பலகையாய்ப் போட்டுக் கறை போக்கி வைத்திருந்தார் மேஸ்திரி. அந்தப் பெட்டிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஏழு மாதம். வேறு வேலையைத் தொடவே இல்லை. என்னையும் ஒழுங்காய்ச் சாயம் பூச விடவில்லை. "இங்க திட்டு, அங்க திட்டு" என்று பின்னாலேயே நின்றார்.

"மேஸ்திரி, நீங்களே பூசிக்கோங்க. நான் வீட்டுக்குப் போய்க் கத்திரிக்கா வதக்குறேன்" என்றேன்.

"கோவிச்சுக்காத தோமெ. ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணு" என்றார். அவர் வாயில் இப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

கலியாணப் பெட்டி ஏற்றின லாரி பின்னோக்கிப் போகக் கூடாது. பெண் திரும்பி வந்துவிடுவாள் என்று எங்கள் பக்கம் அப்படி ஒரு பயம். சந்தில் எதிரே வண்டி வந்தால் அதுதான் ஒதுங்க வேண்டும். அன்றைக்கு ஒரு மீன் வண்டிக்காரன் ஒதுங்க இடமில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே தெருமுனை வரைக்கும் வண்டியைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு போனான். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். மாப்பிள்ளை வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும் மேஸ்திரி ஒரு இழுப்பறையைத் தள்ளிக் காட்டினார். நாலும் வெளியே வந்தன. அந்த ஊர்ப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். சாயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவளுடைய அம்மா ஷினோ அக்கா, மேல் இழுப்பறையில் ஒரு சின்னக் கிரி டப்பியை வைத்தாள். உள்ளே, பஞ்சு சுற்றி, சாயோவின் தொப்புள்கொடி. பிறந்தபோது விழுந்ததை எடுத்துக் காயவைத்திருந்தது. பெண் போகிற இடத்துக்கு அதுவும் போக வேண்டும்.

கிளம்பும்போது மேஸ்திரி மகளிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆத்தங்கரை ஊரு. வெள்ளம் வந்தா இழுப்பறையெல்லாம் மூடி வச்சிடு. தண்ணி பட்டா மரம் ஊதி இறுகிடும், உள்ள ஒரு சொட்டு போகாது. மிதக்கும். மத்ததைப் பெட்டி பாத்துக்கும்."

"சரிப்பா" என்றாள் அவள். அதை நானும் கேட்டேன். எங்கள் ஊரில் எல்லா அப்பனும் சொல்கிறதுதான். அதில் என்ன தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

கலியாணமாகி இரண்டாவது வருஷம் ஆகஸ்டில் ஒரு தபால் அட்டை வந்தது. மேஸ்திரி அதைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். "அப்பா, துணியெல்லாம் எடுத்துக் காத்தாடப் போட்டேன். திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சு. ஈரக் காத்துல பெட்டிக்குள்ள வைக்கக் கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே கயித்துல தொங்குது. உங்க பெட்டி அஞ்சு வாயையும் திறந்துகிட்டு நிக்குது. வெயில் வந்ததும் சாப்பாடு போட்டு மூடிடறேன்." எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரி அட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அணை உடைந்தது.

எங்கள் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர்தான். கீழ்ப்பக்கம் வீடு வீடாகக் கொண்டுபோய்விட்டது. தமோத்சுவைக் கூரை மேலிருந்து படகில் இறக்கினார்கள். சாயோவைக் காணவில்லை. படிக்கட்டில் இருந்தவளைத் தண்ணீர் இழுத்துவிட்டது என்று மட்டும் அவன் சொன்னான். அதற்கு மேல் யார் கேட்டாலும் தரையைப் பார்த்தான். பத்து நாள் தேடினார்கள். பெட்டிதான் கிடைத்தது. பதினொரு கிலோமீட்டர் கீழே, ஒரு வயலில், சேற்றில் சாய்ந்து.

லாரியில் கொண்டுவந்தார்கள். சந்தில் திரும்ப இடமில்லாமல் லாரி பின்னோக்கியே வந்தது. தெருவில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். ஷினோ அக்கா கைத்துண்டை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

ஒருத்தரும் சொல்லாமல் நானே வாளியும் துணியும் எடுத்து சேற்றைக் கழுவினேன். "பாத்தீங்களா மேஸ்திரி, அஞ்சு இழுப்பறையும் கப்புனு மூடியிருக்கு. உள்ள எல்லாம் பத்திரமாத்தான் இருக்கும். உங்க கை உங்க கைதான்" என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். அந்த நாக்கை இழுத்து வைத்து அறுத்தால் தேவலை.

அவர் முன்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு இழுப்பறையின் விளிம்பிலும் விரலை ஓட்டினார். மேலிருந்து கீழ் வரைக்கும். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

ஷினோ அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான், அந்த டப்பி. உடல் கிடைக்கவில்லை, எலும்பு இல்லை. கல்லறையில் எதை வைப்பது? கோயில் பிக்கு சொன்னார்: "தொப்புள்கொடி இருந்தா அது போதும்மா. அதுவும் அவ உடம்புதானே. நாப்பத்தொன்பதாம் நாளுக்குள்ள வச்சிடலாம்." அதற்குள் அடக்கம் ஆகாவிட்டால் பெண் இங்குமங்கும் அலைவாள் என்று அக்காவுக்குப் பயம். அந்த ஒரு டப்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள், எழுந்து நடந்தாள்.

மேஸ்திரி திறக்க மாட்டேன் என்றுவிட்டார்.

"ஊதின மரம். இப்ப இழுத்தா பொருத்து பிளந்துடும். நிழல்ல தானாக் காயணும். மூணு மாசம் ஆகும்."

"மூணு மாசமா? நாப்பத்தொன்பதாம் நாளுக்குள்ள வைக்கணுங்க!"

"மரத்துக்கு நாள் கணக்குத் தெரியாது."

"பிளந்தாப் பிளக்கட்டுமே! மகளே போயிட்டா, பெட்டி எதுக்குங்க? கோடாலியைக் கொடுங்க, நான் உடைக்கறேன்."

அவர் பெட்டிக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். குத்துக்கல் மாதிரி இருந்தார் மனுஷன். இப்படி ஒரு நாள் இல்லை, வாரக்கணக்கில். முப்பது நாள் போனது. நாற்பது போனது. அக்கா பாதியாக இளைத்துவிட்டாள். ஊரில் பேச ஆரம்பித்தார்கள், மகளைவிடப் பெட்டி பெரிசாப் போச்சு இவனுக்கு என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்வானேன், அந்த நாட்களில் அவரை நான் வெறுத்தேன்.

நாற்பத்தாறாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையில் அவர் மட்டும் இருந்தார். நேரே போய்ச் சாயக் கிண்ணத்தை அவர் முன்னால் டங்கென்று வைத்தேன்.

"மேஸ்திரி, நான் சாயம் பூசறவதான். ஆனா குருடி இல்லை. முதுகுப் பலகையில மர ஆணி எடுத்தா அரை நாள்ல பலகை கழண்டுடும். பின்னாலேருந்து இழுப்பறையைத் தட்டித் தள்ளிடலாம். பொருத்து ஒண்ணும் ஆகாது. முதல் நாளே செஞ்சிருக்கலாம். அந்தப் பொம்பளையை எதுக்கு இப்படிச் சாகடிக்கறீங்க?"

 அவர் இடுப்பிலிருந்து அந்தத் தபால் அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது.

"என்ன எழுதியிருக்கா, படி."

படித்தேன். உங்க பெட்டி அஞ்சு வாயையும் திறந்துகிட்டு நிக்குது.

"வரும்போது எப்படி இருந்துச்சு?"

மூடி இருந்தது. நான்தானே வாய் கிழியச் சொன்னேன், கப்பென்று மூடியிருக்கிறது என்று. அட்டையை இன்னொரு தரம் படித்தேன்.

"ஒண்ணு திறந்திருந்தாலும் தண்ணி ஏறி மூழ்கியிருக்கும் தோமெ. அஞ்சையும் மூடியிருக்கா. என் பெட்டியை அஞ்சும் மூட எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்குத் தெரியும். ஒண்ணைத் தள்ளினா ஒண்ணு வெளிய வரும். வெளிய தண்ணி ஏறுது. இவ மெல்ல, மெல்ல..." அவரால் முடிக்க முடியவில்லை. "அப்பன் சொன்னான்ல, மூடி வச்சிடுன்னு. நான் நல்லா இறுக்கமாச் செஞ்சேன் தோமெ. ரொம்ப நல்லாச் செஞ்சேன்."

அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. மரச்சீவலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.  பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

அழுது ஓய்ந்ததும் கேட்டேன். "அப்ப நாளைக்குத் திறந்துடலாமா?"

"உள்ள துணி இருந்துச்சுன்னா, அவதான் வச்சா. இல்லைன்னா, பெட்டி காலியாத் தானா எப்படியோ மூடிக்கிச்சுன்னு இருக்கலாம்." என் முகத்தைச் சின்னப் பிள்ளை போலப் பார்த்தார். "திறக்காத வரைக்கும் அப்படியும் இருக்கலாம்ல?"

எந்தப் பெட்டியும் தானாக மூடாது. அது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "ஷினோ அக்காவுக்கு அந்த டப்பி வேணும் மேஸ்திரி" என்று மட்டும் சொன்னேன்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் ஆணிகளை எடுத்தார். தமோத்சுவும் வந்திருந்தான். முதுகுப் பலகை கழன்றதும் உள்ளேயிருந்து துணி வாசனை வந்தது, கற்பூரமும் அவள் வீட்டுக் காற்றும் கலந்து. பின்னாலிருந்து கட்டையை வைத்து ஒவ்வொன்றாகத் தட்டினார். மேல் இழுப்பறை வெளியே வந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. டப்பி இருந்தது. ஷினோ அக்கா அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டியாம்மா, வந்துட்டியா" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த இழுப்பறையும் திறந்துவிட்டது. பட்டுத் துணியெல்லாம் சுருட்டிச் சுருட்டித் திணித்துக் கிடந்தது. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தாள்.

"என் பொண்ணு இப்படி மடிக்க மாட்டாளே" என்றாள். "ஒரு சுருக்கம் இல்லாம மடிப்பாளே. யாரு இப்படித் திணிச்சது?"

 தமோத்சு தலையைத் தரையில் முட்டிக்கொண்டு விழுந்தான்.

"அத்தை, மன்னிச்சிடுங்க. நான் மேலேருந்து கத்தினேன், விட்டுட்டு வா, விட்டுட்டு வான்னு. இதோ ஒண்ணுதான் பாக்கின்னா. ஒண்ணை மூடினா ஒண்ணு வந்துச்சு. வாசல்ல முழங்கால் வரைக்கும் தண்ணி. அவ சிரிச்சா அத்தை. 'உள்ள யாரோ தள்றாங்க, எங்கப்பா கொஞ்சம் லூசாச் செஞ்சிருக்கக் கூடாதா'ன்னு சிரிச்சா. கடைசியா மூடிட்டுத்தான் படிக்கு வந்தா. நான் கையை நீட்டினேன். விரல் பட்டுச்சு. அவ்வளவுதான்."

மேஸ்திரி கட்டையைக் கீழே வைத்தார். ஷினோ அக்கா அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் அவர் ஏன் திறக்கவில்லை என்று அப்போது அவளுக்கும் புரிந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தமோத்சு சொன்னது எங்கள் நாலு பேரோடு நின்றுவிட்டது. நாற்பத்தொன்பதாம் நாள் டப்பியைக் கல்லறையில் வைத்தோம்.

அடுத்த மாதம் மேஸ்திரி வேலைக்கு உட்கார்ந்தார். முதல் பெட்டி முடிந்து என்னிடம் வந்தது. சாயம் பூசும் முன்னால் பழக்க தோஷத்தில் ஒரு இழுப்பறையைத் தள்ளினேன். சட்டென்று உள்ளே போய்விட்டது. வேறு எதுவும் வெளியே வரவில்லை. அடுத்ததைத் தள்ளினேன். அதுவும் போனது. விளிம்பைச் சுற்றி ஒரு காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. அஞ்சிலும் ஒரே அளவு, முடி அளவுகூட மாறாமல். கை போனவன் செய்கிற காரியமா அது? இறுக்கமாகச் செய்வதைவிட அது கஷ்டம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணப் பெட்டி வாங்க வந்தவர்கள்தான் கேட்டார்கள். "என்ன மேஸ்திரி, முன்னெல்லாம் ஒண்ணைத் தள்ளினா நாலு வருமாமே?"

"கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வாங்கினவர்களிடம், பெண்ணைப் பெற்றவர்களிடம், ஒன்று மட்டும் தவறாமல் சொல்லி அனுப்பினார்: "வெள்ளம் கிள்ளம் வந்தா அப்படியே போட்டுட்டு ஓடச் சொல்லுங்க."

ஓடு என்று சொன்னால் மட்டும் பெண்கள் ஓடிவிடுவார்களா? அப்பா செய்துகொடுத்த பெட்டியாயிற்றே என்று ஒரு நிமிஷம் நிற்பார்கள். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் பத்தொன்பது வருஷம், ஒவ்வொரு பெட்டியிலும், ஒரே தள்ளில் அஞ்சும் மூடுகிற மாதிரி அந்த இடைவெளியை விட்டுக்கொண்டே இருந்தார்.